கோடு போடாத பத்தொன்பது பெயர்கள்

சதவீதம் என்பது இரண்டு எண்களால் ஆனது. மேலே உள்ள எண்ணை எல்லோரும் சரிபார்ப்பார்கள். கீழே உள்ளதை யாரும் தொட மாட்டார்கள். அது வானத்திலிருந்து வந்தது போல அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பள்ளி ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் அந்தக் கீழ் எண்ணைப் பற்றித்தான். பதிவேட்டை எப்படிப் பார்ப்பது, மானியத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். நான் கல்வி இலாகாவில் சேர்வதற்கு முன் சில வருஷங்கள் திருச்சியில் ஒரு வாரப் பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஒருவன் பொய் சொல்கிறான் என்று யாராவது வந்து சொன்னால், அந்தப் பொய்யால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று முதலில் கேள். எதுவும் கிடைக்கவில்லை என்றால் அது பொய்யாக இருக்காது, அல்லது நமக்கு இன்னும் பாதிதான் தெரிந்திருக்கிறது. இந்தப் பாடத்துக்குச் சம்பளம் குறைவாகத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தப் பத்திரிகைக்கு நான் கடன்பட்டவன்.

பள்ளிக்கூடங்களில் பொய் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஓர் உதாரணம். குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில், விடாமல் மழை கொட்டிய ஒரு நாளில் எல்லாப் பிள்ளைகளும் வந்ததாகக் குறித்திருந்தது. அந்த மழையில் ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடியதை நானே பார்த்திருந்தேன். வாத்தியாரைக் கேட்டேன்.

"பிள்ளைங்க ஆர்வம் அப்படிங்க" என்றார்.

"நீங்க எப்படி வந்தீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் வரலைங்க" என்றார்.

அவருக்கு மானியம் சராசரி வருகையைப் பொறுத்து வந்தது. அதனால் பொய் மேல்நோக்கிப் போனது. பள்ளிக்கூடக் கணக்கில் பொய் எப்போதும் காசு இருக்கும் திசையில்தான் போகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போய் இரண்டாம் வருஷம் என்று நினைவு. சிக்கனம் வேண்டும் என்று மேலிடத்தில் ஓர் உத்தரவு போட்டிருந்தார்கள்: பதிவில் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேர்கூடச் சராசரியாக வராத உதவி பெறும் பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்யலாம். அப்படிப்பட்ட பள்ளிகளின் பட்டியலில் கீரமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளி இருந்தது. அதன்மேல் தனியாக ஒரு மொட்டை மனுவும் வந்திருந்தது. பள்ளியில் இல்லாத பிள்ளைகளின் பெயர்களை வைத்துக்கொண்டு தலைமையாசிரியை மானியம் வாங்குகிறார் என்று அதில் எழுதியிருந்தது. மனு உண்மையானால் அங்கீகாரம் மட்டுமல்ல, அவருடைய ஆசிரியர் சான்றிதழும் போகும்.

என் மேலதிகாரி சட்டம் படித்தவர். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். பேச்சை அளந்துதான் செலவு செய்வார். மனுவையும் உத்தரவையும் ஒன்றாகப் பின் குத்தி என்னிடம் கொடுத்து, "நேரில் பார்த்து எழுதுங்கள். ரத்து செய்வதென்றால் எந்தக் காரணத்துக்காக என்று தெளிவாக இருக்க வேண்டும்" என்றார். ரத்து என்பது அவர் மனத்தில் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது பஸ்கள் கரி வாயுவில் ஓடின. ஏற்றம் வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டே கீரமங்கலம் சேர்ந்து, அங்கிருந்து நடந்து, பள்ளி கூடும் நேரத்துக்குச் சற்று முன்பே போய்விட்டேன். கீற்றுக் கொட்டகை, மண் தரை, சுற்றிலும் முள்வேலி. தலைமையாசிரியை தையல்நாயகிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா ஆரம்பித்த பள்ளியை அவருக்குப் பின் இவர் நடத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, நீங்க உக்காருங்க. நான் நின்னே பழகிட்டேன்" என்றார். எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. மணி அடித்து, பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்து, வருகை எடுக்க ஆரம்பித்தார்.

நான் பதிவேட்டைப் பார்க்கவில்லை. முதல் சில நிமிஷங்கள் பதிவேட்டைப் பார்க்காமல் ஆட்களைப் பார்ப்பது என் வழக்கம். வேலிக்கு வெளியே ஆறேழு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நிலக்கடலை ஆயப் போகிறவர்கள், இடுப்பில் கூடை. பிள்ளைகளை விட வந்தவர்கள் என்று நினைத்தேன். ஆனால் யாரும் உள்ளே ஒரு பிள்ளையையும் பார்க்கவில்லை. வாத்தியாரம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கருப்பையா."

"உள்ளேன் அம்மா."

"சின்னப்பொண்ணு."

"உள்ளேன் அம்மா."

"அடைக்கலம்."

பதில் இல்லை. தையல்நாயகி ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். பிறகு வரவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். வேலி ஓரத்தில் ஒரு பெண் கூடையை இடுப்பில் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டினாள். இன்னும் சில பெயர்கள் போயின. "மாரிமுத்து." பதில் இல்லை. அதே மூச்சு நேரம். இன்னொரு பெண் போனாள். இப்படிப் பதில் வராத சில பெயர்களுக்குப் பின் ஒவ்வொருத்தியாகப் போய், வருகை எடுத்து முடிக்கும்போது வேலியில் யாரும் இல்லை.

பாட நேரம் ஆரம்பித்ததும் உதவி ஆசிரியரைத் தனியே அழைத்து, சம்பளம் முழுவதும் கைக்கு வருகிறதா என்று கேட்டேன். ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறு தொகை கொடுப்பது தனியார் பள்ளிகளில் நடக்கிற காரியம். நீங்களும் இதைக் கேட்கத் தவறாதீர்கள். வாத்தியாரைத் தனியாகக் கேளுங்கள்.

"முழுசும் வருதுங்க" என்றார் அவர். "கொறையிறது எங்க வீட்டுக்குப் போன பின்னாடிதான்."

அதன்பிறகு தையல்நாயகியிடம் மனுவைப் பற்றிச் சொன்னேன்.

"யார் எழுதினதுன்னு கேக்க மாட்டேன். என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

"இல்லாத பிள்ளைங்க பேரை வெச்சு மானியம் வாங்குறதா எழுதியிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "இல்லாத பிள்ளைக்கு மானியம் எப்படிங்க வரும்? தெனமும் வரலைன்னுதானே குறிச்சிருக்கேன்" என்றார்.

பதிவில் ஐம்பத்தெட்டுப் பெயர்கள். அரை வருஷச் சராசரி வருகை இருபத்தாறு. பாதிக்குக் கீழே. ஒரு நாள்கூட வராத பெயர்கள் பத்தொன்பது. நினைவிலிருந்து எண் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த எண்களை அந்த வாரம் நான் அத்தனை முறை கூட்டிக் கழித்துப் பார்த்ததால் இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்தப் பத்தொன்பது பேரும் மலேயாவில் இருந்தார்கள். ஜப்பான்காரன் மலேயாவுக்குள் வருவதற்கு முந்தின வருஷம் ஒரு கங்காணி அந்த ஊரிலிருந்து பல குடும்பங்களைத் தோட்ட வேலைக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிட்டிருந்தான். சில வீடுகளில் அப்பன் மட்டும் மூத்த பிள்ளையை அழைத்துக்கொண்டு போயிருந்தான். தாய் கைக்குழந்தையோடு பின்னால் போவதாக ஏற்பாடு. அதற்குள் கடல் மூடிவிட்டது. கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை, தகவலே இல்லை.

நீங்கள் இப்போதே கணக்குப் போட்டிருப்பீர்கள். பத்தொன்பதைக் கழித்தால் மீதி முப்பத்தொன்பது. முப்பத்தொன்பதில் இருபத்தாறு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அந்த வட்டாரத்தில் அது நல்ல வருகை. கடலை பிடுங்கும் காலத்தில் பிள்ளைகளை வயலிலிருந்து பள்ளிக்கு இழுப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்கள் மிக நல்ல வருகை என்றே சொல்வார்கள். இந்த அம்மாள் நேர்மையாகக் குறித்த குறிகளே அவருடைய பள்ளியை மூடிக்கொண்டிருந்தன. இங்கே பொய் காசு இருக்கும் திசையில் போகவில்லை. ஆகவே இது பொய் இல்லை.

ஆனால் விதிமீறல் இருந்தது. தொடர்ந்து இத்தனை மாதம் வராத பிள்ளையின் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. நீக்குவதென்றால் பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு.

"இன்னைக்கே கோடு போட்டுடுங்க" என்றேன். "நான் இருக்கும்போதே போட்டா நல்லது. அதோட முடிஞ்சுது."

அவர் மேசையறையைத் திறந்து சிவப்பு மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்து என் முன் வைத்தார்.

"இந்தாங்க. நீங்களே போடுங்க."

"உங்க பதிவேடு. நீங்கதான் போடணும்."

"என்னால முடியலைங்க. ரெண்டு தடவை பேனாவை எடுத்தேன். ரெண்டு தடவையும் மை காய்ஞ்சு போச்சு."

சின்ன ஊரில் செய்திக்குக் கால் வேண்டாம். உச்சிப் பொழுதில் ஊர்த் தலைவரான அம்பலகாரர் வந்தார். அவருக்குப் பின்னால் காலையில் வேலியில் நின்ற பெண்கள், கடலைக் கொல்லையிலிருந்து அப்படியே, கையில் மண்ணோடு.

அம்பலகாரருக்கு விஷயம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டு, "இதுக்குப் போயா இம்புட்டு ரோசனை?" என்றார். "பத்தொம்பது பிள்ளைங்கதானே கொறையுது? நாளைக்கு அங்கிட்டு மேலத் தெருவுலேருந்து பத்தொம்பது பயலுவளைக் கொண்டாந்து உக்கார வெச்சுடுறேன். எல்லாம் மாடு மேய்க்கிற பயலுவதான், சும்மாத்தான் திரியிறானுவ. நீங்க எண்ணிக்கிட்டுப் போங்க."

"அம்பலம், கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் தையல்நாயகி. "அவனுவ ஒரு நாள் உள்ள வந்தா மறுநாள் பள்ளிக்கூடமே இருக்காது."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளையம்மாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மாரிமுத்துவின் தாய். புருஷனும் பத்து வயதுப் பிள்ளையும் அக்கரையில். இவளும் ஒரு கைக்குழந்தையும் இக்கரையில்.

"அய்யா, ஒண்ணு கேக்குறேன்" என்றாள். "டவுன்ல எங்க அண்ணன் வீட்டுல ரேசன் கார்டுல ஒரு பேரை அடிச்சாங்க. மாசம் இவ்வளவு சீனி கொறைஞ்சு போச்சு. அது சர்க்காருக்கு மிச்சம், புரியுது. இங்க எம்புள்ளை பேரை அடிச்சா ஒங்களுக்கு என்ன மிச்சம்?"

நான் உத்தரவை விளக்கினேன். பாதிக்குக் கீழே போனால் பள்ளிக்கூடம் மூடப்படும் என்றேன். மூடினால் ஊர்ப் பிள்ளைகள் காட்டாற்றைத் தாண்டி அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும் என்றேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்தை மூட வேண்டாங்க. ஆனா பேரை அடிக்கிறதுன்னா என்ன அருத்தம்? வரமாட்டான்னு எழுதுறது. ஒங்களுக்குத் தெரியுமா வரமாட்டான்னு?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாதுங்க. ஊருல நான் அவன் பேரைச் சொன்னா ஒருத்தி அழுவா, ஒருத்தி பேச்சை மாத்துவா. இந்த வாத்தியாரம்மா ஒருத்தவங்கதான் சும்மா கூப்பிடுறாங்க. வர்ற பிள்ளையைக் கூப்பிடுற மாதிரி. அதைக் கேட்டுட்டுப் போனா அன்னைக்கு என் கை கொல்லையில ஓடும்."

அந்த இடத்தில் எனக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கோடு போடச் செய்யலாம். விதி நிறைவேறும், பள்ளியும் தப்பும். கண்டும் காணாமல் போகலாம். அப்போது பள்ளி மூடப்படும். அம்பலகாரர் சொன்னபடி தலைகளை எண்ணிக்கொண்டு போகலாம். அப்போது நான் குளத்தூர் வாத்தியாராகிவிடுவேன். மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. மாலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு விதி நெருக்கினால் அதை மறுபடி படியுங்கள். நினைவில் உள்ள விதி வேறு, அச்சில் உள்ள விதி வேறு. அச்சில் இருந்தது இவ்வளவுதான்: வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட வேண்டும். கோடு என்ற சொல்லே அதில் இல்லை. சிவப்பு மையும் இல்லை. அது எங்கள் பழக்கம். இன்னும் சில வாரங்களில் புது அரை வருஷத்துக்குப் புதுப் பதிவேடு எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு பெயரை எழுதாவிட்டால் அது நீக்கப்பட்டதுதான். கோடு போட வேண்டியதில்லை. சேர்க்கைப் பதிவேடு தனி. அதில் ஒருமுறை ஏறிய பெயரை யாரும் எந்தக் காலத்திலும் அடிக்க முடியாது; போன தேதியையும் காரணத்தையும் மட்டும் எழுதலாம்.

திரும்பி வந்து இதைச் சொன்னேன். அம்பலகாரர் தலையாட்டினார். தையல்நாயகி ஆட்டவில்லை.

"புதுப் புத்தகத்துல பேரு இல்லாட்டி நான் காலையில எதை வாசிக்கிறது? வேலியில நிக்கிறவங்களுக்கு என்ன சொல்றது?"

"நீங்க வருகைக்கு வாசிக்கிறதுதான் எங்க கணக்கு. பிரார்த்தனை முடிஞ்சதும் தனித்தாள்ல ஏதாவது வாசிச்சா, அது கணக்கு இல்லை. அதைப் பத்தி எந்த விதியும் பேசலை."

"வேற தாள்லன்னா ஒங்க சர்க்காருக்குச் சம்மதமா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"சர்க்காருக்கு அந்தத் தாளே தெரியாது."

"சத்தமா வாசிப்பாங்களா?"

தையல்நாயகி, "சத்தமா" என்றார்.

"அப்ப எதுல எழுதியிருந்தா எனக்கென்ன? எனக்குப் படிக்கவா தெரியும்" என்று கூடையை எடுத்துக்கொண்டாள். "வாங்கடி, கடலை கெடக்கு. கொல்லைக்காரன் கூலியில பிடிச்சுக்குவான்."

இனி வரும் அரை வருஷத்துக்கு வழி கிடைத்துவிட்டது. முடியப்போகிற இந்த அரை வருஷம் அப்படியே இருந்தது. அதில் ஐம்பத்தெட்டுக்கு இருபத்தாறுதான். பள்ளி பிழைப்பது என் அறிக்கையைப் பொறுத்தது. என்னுள் இருந்த நிருபர் விழித்துக்கொண்டான். வேலி, கூடைகள், ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி போவது: எந்த அதிகாரியும் படித்தால் கண் கலங்குவார். புறப்படும்போது தையல்நாயகி அதைப் புரிந்துகொண்டவர் போலச் சொன்னார்:

"வேலியில நிக்கிறவங்களைப் பத்தி எழுதாதீங்க. இரக்கப்பட்டு விட்டு வைக்கிற பள்ளிக்கூடத்தை, இரக்கம் தீந்தா மூடிடுவாங்க. கணக்கு என்ன சொல்லுதோ அதை எழுதுங்க. நான் விதியை மீறினதையும் எழுதுங்க."

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் இதற்கு மேல் ஒன்றை நான் வைக்க மாட்டேன். சான்றிதழ் பறிபோகும் நிலையில் நின்றுகொண்டு ஒருவர் சொன்னது அது. அன்றைக்கு அவருக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. உங்கள் முன்னால் இப்போது சொல்லிக்கொள்கிறேன். அறிக்கையில் இரண்டு சதவீதங்களையும் எழுதினேன். எது எப்படி வந்தது என்று எழுதினேன். வராதவர்களை வந்ததாகக் குறிக்கவில்லை, அதனால் மானியத்தில் ஒரு காசுகூடக் கூடவில்லை என்று எழுதினேன். பெயர் நீக்காதது விதிமீறல் என்றும் எழுதினேன். வேலியை எழுதவில்லை.

மேலதிகாரி அதை என் முன்னிலையிலேயே இரண்டு முறை படித்தார்.

"மோசடி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு இதில் பதில் இல்லை. விதி தெரிந்தவர். நீக்கினால் தமக்கே நல்லது என்றும் தெரியும். ஏன் நீக்கவில்லை?"

வேலி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நீக்கினால் காரணம் எழுத வேண்டும். படிப்பை நிறுத்திவிட்டார், ஊர் மாறிவிட்டார், இறந்துவிட்டார். நம் படிவத்தில் இந்த மூன்றுதான் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் விஷயத்தில் எது உண்மை என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுத மறுத்திருக்கிறார்."

"தெரியவில்லை என்று எழுத நம் படிவத்தில் இடம் இல்லையா?"

"இல்லை."

"அது அவர் தப்பு இல்லையே" என்றார் அவர்.

அத்தோடு விட்டிருந்தாலே போதும். அவர் விடவில்லை. மற்றப் பள்ளிகளிலும் இப்படிப் பெயர்கள் இருக்கின்றனவா என்று கேட்டு எழுதச் சொன்னார். ஆலங்குடிப் பக்கத்திலிருந்தும் பொன்னமராவதிப் பக்கத்திலிருந்தும் பதில்கள் வந்தன. மலேயா, பர்மா என்று போய் மூடிய கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட பிள்ளைகள் பல பள்ளிகளில் இருந்தார்கள். சில வாத்தியார்கள் பெயரை அப்படியே விட்டிருந்தார்கள். சிலர் 'படிப்பை நிறுத்திவிட்டார்' என்று எழுதிக் கோடு போட்டிருந்தார்கள். அதாவது நாங்கள் வருஷா வருஷம் மேலே அனுப்பிய சதவீதங்களில் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியாது. ஒரு பள்ளியின் கீழ் எண்ணில் அக்கரையில் இருந்தவர்களும் சேர்ந்திருந்தார்கள். அடுத்த பள்ளியில் சேரவில்லை. இவற்றை வரிசையில் அடுக்கித்தான் எதை மூடுவது என்று முடிவு செய்துகொண்டிருந்தோம்.

படிவத்தில் ஒரு பத்தி கூட்டினார்கள்: 'வெளிநாட்டில், தகவல் இல்லை'. அந்தப் பத்தியில் உள்ளவர்களைக் கழித்த பிறகே சதவீதம் போட வேண்டும் என்று குறிப்பு. சேர்க்கைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் திறந்தே இருக்கும். திரும்பி வந்தால் மறுசேர்க்கைக் கட்டணம் இல்லை. தையல்நாயகியின் பள்ளி தப்பியது. விதிமீறலுக்காக அவருக்கு எழுத்து மூலம் ஒரு கண்டனம் போனது. அதைக் கொடுக்கப் போனதும் நான்தான். படித்துப் பார்த்து, "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த அதிகாரி பின்னாளில் வேறு இடத்துக்குப் போய்விட்டார். தாம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்ட ஒன்றைக் கீழே உள்ளவன் எழுதிய ஒரு பக்கத்துக்காகத் திறந்து பார்த்தவர் அவர். அப்படி ஒருவரின் கீழ் வேலை பார்க்க உங்களுக்கும் வாய்க்கட்டும். வாய்க்காவிட்டால், உங்களுக்குக் கீழே வருகிறவர்களுக்காவது நீங்கள் அப்படி இருக்கலாம்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் வர ஆரம்பித்தன. முதலில் கடிதங்கள் வந்தன, பிறகு ஆட்கள். அடைக்கலம் வந்தான், மீசை அரும்பிய வயதில் நாலாம் வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு ஒரு வாரத்தில் நின்றுவிட்டான். சில குடும்பங்கள் அங்கேயே இருந்துவிடுவதாக எழுதின. சிலரைப் பற்றி, திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்: சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களை இழுத்துக்கொண்டு போனார்கள், போனவர்களில் பலர் வரவில்லை. தாளில் பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒவ்வொன்றாக, அந்தந்த வீட்டார் வந்து சொன்ன பிறகு.

ஒரு வருஷாந்தர ஆய்வின்போது நான் அங்கே இருந்தேன். பிரார்த்தனை முடிந்தது. தையல்நாயகி தாளை எடுத்தார். வெள்ளையம்மாள் அன்று வேலியில் நிற்கவில்லை. உள்ளே வந்து, பிள்ளைகளின் வரிசைக்குப் பக்கத்தில் நின்றாள். கூட ஒரு சிறு பெண். அந்தக் கைக்குழந்தை இப்போது முதல் வகுப்பு.

"இனிமே மாரிமுத்து பேரை வாசிக்க வேண்டாங்க வாத்தியாரம்மா" என்றாள்.

தையல்நாயகி தாளை மடித்தார்.

"நான் கைநாட்டு வெக்கணுமா?"

"வேண்டாம்."

பிறகு சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, காரணப் பத்தியில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். படிவத்தின் மூன்று காரணங்களில் கடைசிச் சொல்லைத்தான் எழுத வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அச்சடித்தே இருந்தது. நான் வெள்ளையம்மாளைப் பார்த்தேன்.

"என்ன எழுதட்டும்?" என்று தையல்நாயகி அவளையே கேட்டார்.

வெள்ளையம்மாள் மகளின் தலையில் கலைந்திருந்த ரிப்பனைப் பிரித்து மறுபடி முடிந்தாள். முடிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்க அப்பாகூட இருக்கான்னு எழுதுங்க."

அப்படியே எழுதினார். அதற்குக் கீழே நான் என் சுருக்கொப்பத்தையும் தேதியையும் இட்டேன். பிற்பாடு எத்தனையோ தணிக்கைகளில் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். விதிப்படி அது ஒரு காரணமே இல்லை. இன்று வரை ஒருவரும் அதன்மேல் ஆட்சேபணை எழுதவில்லை.